பாட்டு நின்ற இடம்

செப். 18, வியாழன்

காலையிலிருந்து தூறல். புரட்டாசி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதம் கல்யாணம் கிடையாது. ஸ்பீக்கர் பெட்டிகள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு ஷெட்டில் தூக்கம். மனைவி ஸ்டெல்லா பாடம் எடுக்கப் பள்ளிக்கூடம் போனபிறகு வீட்டில் நானும் ஃபேனும்.

சிமெண்ட் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இவ்வளவு நாளும் மிக்ஸருக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்தது. தூசி தட்டி எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது, அதனால்தான்.

குவாரியில் இப்போதெல்லாம் சங்கு ஊதாமலே வெடி வைக்கிறார்கள். மத்தியானம் சாப்பிடும்போது தட்டு அதிர்ந்தது, அலமாரியில் டம்ளர்கள் ஆடின. முன்பெல்லாம் நீளமாகச் சங்கு ஊதிவிட்டுத்தானே வைப்பார்கள். ஆடு மேய்க்கிறவன் என்ன ஆவான்? யாருமே கேட்கவில்லையா? எதிர்வீட்டு அக்கா மட்டும் எப்படியோ கண்டுபிடித்து, வெடிக்கு முன்னாலேயே கொடியிலிருந்து துணியை அள்ளிக்கொண்டு போய்விடுகிறாள். ஞானதிருஷ்டி. ஒருநாள் நேரில் போய் குவாரி ஆபீசில் கேட்க வேண்டும்.

அடுத்தது சில்வண்டு. மழை விட்டதும் கொல்லையில் காதைத் துளைக்கும். இந்த வருஷம் ஒன்றுகூட இல்லை. சோளக்காட்டு மருந்தில் செத்திருக்கும்.

மூன்றாவது, ட்வீட்டர். பெட்டியின் உச்சியில், சன்னமான சத்தத்துக்கு இருப்பது. மாற்றியும் பார்த்தாயிற்று, மந்தமாகவே இருக்கிறது. கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான். மொத்தத்தில் ஊரே கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வருகிறது. ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இடது காதில் அந்தக் 'கீ' மட்டும் குறையவில்லை. டிரைவருக்கு முதுகுவலி மாதிரி டி.ஜே.க்கு இது. ஸ்டெல்லா போன வருஷத்திலிருந்து சொல்கிறாள், "காத ஒருதடவ காட்டிட்டு வந்துடுங்க."

"பாத்துக்கலாம்" என்று சொல்லிவைத்திருக்கிறேன். நான் அரியலூர் ஆஸ்பத்திரிப் படி ஏறினால், இறங்குவதற்குள் மண்டபம் மண்டபமாகச் செய்தி போய்விடும். காது கேட்காத டி.ஜே.யை யார் கூப்பிடுவார்கள்? தைக் கல்யாணத்துக்கு ஐப்பசியிலேயே ஆள் பேசிவிடுவார்கள். இந்த நேரத்தில் போய்ப் படி ஏறினால் தொழில் காலி. எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

சாயங்காலம் ஒரு போன். ஸ்பீக்கரில் போட்டால்தான் புரிகிறது, இந்த போனும் சரியில்லை. அனீஸ் என்று ஒரு தம்பி, லப்பைக்குடிக்காட்டுக்காரர். சினிமா எடுக்கிறாராம், மாமாவின் துபாய்க் காசு. நைட் கிளப் டி.ஜே. ஒருவனைப் பற்றிய கதை. ஹீரோவுக்கு டி.ஜே. கைவேலை சொல்லித்தர ஆள் வேண்டும், பெட்டிகளும் வாடகைக்கு வேண்டும். "பாத்துக்கலாம் தம்பி" என்றேன். புரட்டாசியில் வேலை. கசக்குமா?

செப். 20, சனி

பெரம்பலூர். நான் பஸ்ஸில், பார்ட்னர் ராஜேந்திரன் (சுருக்கமாக ரா.) பெட்டிகளோடு பின்னால் டாடா ஏஸில். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரி. நாலு ரோடு தாண்டி பைபாஸ் ஓரம் ஒரு கல்யாண மண்டபம். அதுதான் சென்னை நைட் கிளப்.

சுவரெல்லாம் கருப்புத் துணி. 'நல்வரவு' மறைந்துவிட்டது. கஜலட்சுமி தலைக்கு மேல் ஊதா லைட். மணமேடையில் டி.ஜே. கன்சோல். சமையற்கட்டிலிருந்து யாரோ கல்யாணத்து சாம்பார் வாசனை இன்னும் வருகிறது. மண்டபத்துக்காரர் போட்டது ஒரே கண்டிஷன், உள்ளே செருப்பு கூடாது. "தாலி கட்டுற எடம் சார். நாளைக்கு வர்றதுங்க நல்லா இருக்கணும்ல."

ஆகவே நைட் கிளப்பில் அத்தனை பேரும் வெறுங்கால். கேமரா முழங்காலுக்குக் கீழே இறங்காதாம். ஆடுவது இஞ்சினியரிங் காலேஜ் பிள்ளைகள். கிளாஸில் பன்னீர் சோடா. ஒரு பெண் ஷாட்டுக்கு முன்னாலேயே குடித்துத் தீர்த்துவிட்டு, "தாகமா இருந்துச்சு சார்" என்றாள்.

அனீஸ் சின்ன வயசு, தாடி, எந்நேரமும் கையில் நோட்டு. சாப்பாட்டு நேரத்தில் கதை சொன்னார். பெரிய கிளப் டி.ஜே., காது போய்க்கொண்டிருக்கிறது, வெளியே தெரியாமல் ஒப்பேற்றுகிறான். முழுக் காமெடி. ஆனால் காமெடி என்று எழுதி வைத்திருந்தது, ஒருத்தர் ஒன்று கேட்க இவன் வேறொன்று சொல்கிற பழைய சரக்கு. எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, காது மந்தமானவன் அப்படியெல்லாம் மாத்திச் சொல்ல மாட்டான். சிரிச்சுட்டுத் தலையாட்டிட்டுப் போயிட்டே இருப்பான்."

"அப்ப பாட்டு எப்படிண்ணே போடுவான்?"

நல்ல கேள்வி. யோசித்துச் சொன்னேன். மிக்ஸரில் மீட்டர் லைட் இருக்கிறது, பச்சை, மஞ்சள், சிவப்பு. பெட்டி மேல் உள்ளங்கை வைத்தால் அடித்தாளம் ஏறிவரும். மிச்சத்துக்குக் கூட்டத்தின் தோளைப் பார்த்தால் போதும். தாளம் தப்பினால் முதலில் தோள் நிற்கும், கால் அதற்கப்புறம்தான். யாராவது வந்து பாட்டுக் கேட்டால் போனில் டைப் அடிக்கச் சொல்லலாம், அந்தச் சத்தத்தில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

"நானே பாதி நேரம் அப்படித்தானே தம்பி ஓட்டுறேன்."

அனீஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பிறகு மறுபடி எழுதினார், வேகமாக.

ஹீரோ பெயர் சரண். சென்னைப் பையன், ஒல்லி, மரியாதை. செவ்வாய் முதல் என்னை ஒட்டிக்கொண்டே திரிவாராம். ரா.வுக்குப் புரட்டாசிச் சனி விரதம். பிரியாணிப் பொட்டலத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத் தயிர்சாதம் வாங்கப் போனான்.

செப். 21, ஞாயிறு

பூசைக்குப் போனோம். புது ஃபாதர் வாய்க்குள்ளேயே பேசுகிறார். பிரசங்கத்தில் ஏதோ ஜோக். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வெளியே வந்ததும் ஸ்டெல்லா கேட்டாள், "என்ன சொன்னாருன்னு சிரிச்சீங்க?"

"ஏன், நல்லாத்தானே சொன்னாரு."

அவள் செருப்பைத் தேடினாள். கோயில் மைக்குக்கு நல்ல பெட்டி ஒன்று சும்மாவே போட்டுக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

மத்தியானம் ஒரு ஆராய்ச்சி. காதில் கேட்கிற 'கீ' என்ன சுருதி? போனில் ஓசை எழுப்புகிற ஆப் ஒன்று உண்டு, பெட்டி சரிபார்க்க வைத்திருப்பது. சுருதியை ஏற்றிக்கொண்டே போனேன். ஓரளவுக்கு மேல் போனில் சத்தமே வரவில்லை. ஸ்டெல்லா போனிலும் அதே கதை. அப்படியே வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் அடுக்களையிலிருந்து காதைப் பொத்திக்கொண்டு வந்து, "அத அணைங்க மொதல்ல" என்றாள்.

சத்தமே வராத போனுக்கு ஏன் காதைப் பொத்த வேண்டும்? தலைவலியாக இருக்கும்.

இரவு தோசை. வெங்காயச் சட்னி. சின்ன வெங்காயம் மறுபடி விலை ஏறிவிட்டதாம்.

செப். 23, செவ்வாய்

வெயில். சரண் சூட்டிகையான ஆள். கைவேலையை அரைநாளில் பிடித்துவிட்டார். அதற்கப்புறமும் என்னை விடவில்லை. டீக்கடைக்கு வந்தார், சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்தார், நான் மண்டபத்துக்காரரிடம் கரண்ட் பற்றிப் பேசினால் பக்கத்தில் நின்றார். இவ்வளவு தொழில் பக்தி நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் ஒத்திகை. காமெடி எல்லாம் புதுசாக மாற்றியிருக்கிறார்கள். கிளப் முதலாளி ஏதோ கேட்க, சரண் வலது தோளை முன்னால் நீட்டி, கழுத்தைச் சாய்த்து, அவர் வாயையே பார்த்துவிட்டு "பாத்துக்கலாம் சார்" என்கிறார். கடன்காரன் வருகிறான், "பாத்துக்கலாம்." காதலி அழுதுகொண்டே ஏதோ சொல்கிறாள், அதற்கும் சிரித்த முகமாகப் "பாத்துக்கலாம்." பிறகு, நாலு பேர் ஒரு ஜோக்குக்குச் சிரித்து முடித்த பின்னால் இவர் தனியாகச் சிரிக்கிறார். மண்டபமே உருண்டது. எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"யாரப் பாத்துத் தம்பி இதெல்லாம் புடிச்சீங்க?" என்றேன்.

சரணுக்குக் காது சிவந்துவிட்டது. "எங்க ஊர்ல ஒரு அண்ணன் சார்" என்றார். ரா. திடீரென்று ஒயர் பார்க்க வேண்டும் என்று வெளியே போனான்.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவுக்கு நடித்துக் காட்டினேன். தோளை நீட்டினேன், கழுத்தைச் சாய்த்தேன், "பாத்துக்கலாம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"இத வேற புதுசா செஞ்சு காட்டணுமாக்கும்" என்று சொல்லிவிட்டுப் பரீட்சைத்தாள் திருத்தப் போய்விட்டாள். காலாண்டுப் பரீட்சை நேரத்தில் அவளுக்கு எதுவும் ரசிக்காது.

செப். 25, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வரும்.

இன்று கிளப்பில் ஹீரோவும் ஹீரோயினும் பேசிக்கொள்கிற சீன். பின்னால் பிள்ளைகள் ஆட்டம். கன்சோலில் என் கைகள் மட்டும் குளோசப், சரணின் மோதிரத்தை எனக்குப் போட்டுவிட்டார்கள். பாட்டு சவுண்ட் ரெக்கார்டிங் பெண்ணின் லேப்டாப்பிலிருந்து வந்தது. வாரமெல்லாம் ஒத்திகைக்கு ஓடிய அதே பாட்டு, மனப்பாடம். பிள்ளைகள் ஆடினார்கள், நான் கை வைத்துக்கொண்டு ரசித்தேன். பெண்குரல் உச்சிக்கு ஏறுகிற இடத்தில் யாரும் கையைத் தூக்கவில்லையே என்றுகூட நினைத்தேன்.

அனீஸ் கட் சொன்னார். நான் அந்தப் பெண்ணிடம், "பல்லவி திரும்புற நேரத்துல நிப்பாட்டிட்டீங்களே" என்றேன்.

"எது சார்?"

"பாட்டுதான்."

பக்கத்தில் வந்து நின்று சொன்னாள். "பாட்ட ஆரம்பத்துலயே கட் பண்ணிட்டேன் சார். வசனம் பதிவாவணும்ல. அடியில தும் தும்னு அது மட்டும்தான் ஓடுச்சு, அவங்க தாளம் தப்பாம ஆடுறதுக்கு. அத அப்புறமா கம்ப்யூட்டர்ல எடுத்துடுவோம்."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. மறுபடி போடச் சொன்னேன். கண்ணை மூடிக்கொள்கிறேன், பாட்டு நிற்கிற இடத்தில் கையைத் தூக்குகிறேன் என்றேன். போட்டாள். நன்றாகக் கவனித்தேன். தபலா, பின்னால் கீபோர்டு, பெண்குரல், அவள் மூச்சு வாங்குவது, எல்லாம் கேட்டது. ஓரிடத்தில் சந்தேகம் வந்து கையைத் தூக்கிக் கண்ணைத் திறந்தேன். அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு நின்று ரொம்ப நேரம் ஆகியிருக்கிறது என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

யாரோ எனக்குப் பன்னீர் சோடா கொண்டுவந்து கொடுத்தார்கள்.

திரும்பும்போது ரா. வண்டியை ஒரு டீக்கடையில் நிறுத்தினான். டீயைக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்துக்கு நேராக நின்று சொன்னான். "மாப்ள, ட்வீட்டருக்கு ஒரு கொறையும் இல்ல. நீ முன்னால மிக்ஸர்ல ட்ரெபிள ஏத்துவ, கீச்சுன்னு கேக்கும். சனங்க காதப் பொத்தும். நான் பின்னால ஆம்ப்ல போயி கொறச்சு வச்சுருவேன். ஒரு வருசமா இதான் நடக்குது."

"ஏன்டா சொல்லல?"

"எப்படிச் சொல்றது."

வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது வேறொரு யோசனை. அந்தக் குரலை நான் கேட்டேனே. மூச்சு வாங்கியதுகூடத் தெரிந்ததே. பாட்டு ஓடவில்லை என்றால் அதைப் பாடியது யார்?

செப். 26, வெள்ளி

போகவில்லை. அனீஸ் போன் அடித்துக்கொண்டே இருக்கிறார், எடுக்கவில்லை. ஷெட்டுக்குப் போய்ப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தேன். எழுத ஒன்றுமில்லை.

செப். 27, சனி

ஸ்டெல்லாவுக்குப் பள்ளிக்கூட லீவு ஆரம்பம். காலையில் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவளுக்கு எதுவுமே புதுசு இல்லை.

"குவாரிச் சங்குகூட ஊதுதா?"

"தெனமும் ஊதுதுங்க. ஊதாம எப்படி வப்பாங்க?"

நம்ப முடியவில்லை. மத்தியானம் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். "ஊத ஆரம்பிச்சா கையத் தூக்குறேன், நின்னா எறக்குறேன், பாருங்க" என்றாள். நின்றோம். எனக்குக் 'கீ' மட்டும். அவள் கை மேலே போனது.

பக்கத்து வீட்டு ஆடு தலையைத் தூக்கித் தெற்கே பார்த்தது. எதிர்வீட்டு அக்கா வெளியே வந்து கொடியிலிருந்து துணியை அள்ளிக்கொண்டு போனாள். ஞானதிருஷ்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. சங்கு ஊதினால் தூசி வரும், துணியை எடுக்கிறாள், அவ்வளவுதான். ஸ்டெல்லாவின் கை மேலேயே இருந்தது. வலித்திருக்கும், இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். இவ்வளவு நேரமா ஊதுவார்கள்? பிறகு கை இறங்கியது. கொஞ்ச நேரத்தில் என் காலுக்கடியில் தரை ஒரு தடவை குலுங்கியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் முந்தானையால் தன் முகத்தைத்தான் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டவை:
அவள் இப்போதெல்லாம் முன்னால் வந்து நின்றுதான் பேசுகிறாள்.
கூப்பிட வேண்டுமானால் லைட்டை ஒருமுறை அணைத்துப் போடுகிறாள். கரண்ட் சரியில்லை என்று ஈ.பி.யில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.
சில்வண்டு சாகவில்லை. அவளுக்கு அதனால் தூக்கமே வருவதில்லை.
ஃபாதர் தெளிவாகத்தான் பேசுகிறார்.
சரணுக்கு 'அவங்க ஊர் அண்ணன்' யாரும் கிடையாது.

கடைசியை அவள் சொல்லவில்லை. பட்டியல் போடும்போது நானாகவே கண்டுபிடித்தேன்.

"நான் தலையாட்டுன நேரத்துல நீ என்னென்ன சொன்ன?"

"நெறைய. அதுல ஒன்னு ரெண்டு நல்லதும் சொன்னேன்."

"என்ன நல்லது?"

"காது மெஷின் வாங்கி மாட்டுங்க, சொல்றேன்." எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ளவாவது காதைக் காட்டத்தான் வேண்டும் போலிருக்கிறது.

செப். 29, திங்கள்

பெரம்பலூர் போனேன். போகாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சரண் செய்வதை இன்னொரு தடவை, இப்போது தெரிந்துகொண்டு, பார்க்க வேண்டும் போல இருந்தது. இந்த ஆசை எனக்கே விசித்திரம்.

அனீஸ் வாசலுக்கே ஓடி வந்தார். "அண்ணே, அல்லா மேல ஆணையா ஒங்களக் கிண்டல் பண்ணணும்னு எடுக்கல."

"காமெடிப் படந்தானே தம்பி?"

"ஆமாண்ணே."

"அப்ப கிண்டல்தான்."

அவர் கையிலிருந்த நோட்டைச் சுருட்டினார். பிறகு சொன்னார், நான் வந்த முதல் நாளே பழைய காமெடியை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டாராம். காது போவது எனக்குத் தெரிந்திருக்கும், தெரிந்துதான் மறைக்கிறேன் என்று நினைத்தாராம். "வேணாம்னா எடுத்ததெல்லாம் தூக்கிடுறேன்ண்ணே. மாமாட்ட நான் பேசிக்கிறேன்."

"மொதல்ல போட்டுக் காட்டுங்க."

மானிட்டரில் பார்த்தேன். தோள், கழுத்து, "பாத்துக்கலாம்", தனியாக வருகிற சிரிப்பு. அச்சு அசல் நான். இதில் மோசமான சங்கதி, அது நிஜமாகவே சிரிப்பாக இருக்கிறது. முதலாளி அவனைத் திட்டிக்கொண்டே இருக்கிறார், அவன் பெருமையாக நன்றி சொல்கிறான். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. நான் சிரித்தபிறகுதான் மற்றவர்கள் மூச்சு விட்டார்கள். சரண் மட்டும் மூலையில் தலைகுனிந்து நின்றார். அவரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, அந்தச் சிரிப்பு தப்பு."

"சார்?"

"நேரா சிரிச்சுடக் கூடாது. மொதல்ல பக்கத்து ஆளு மூஞ்சியப் பாக்கணும். அவன் எவ்வளவு சிரிக்கிறான்னு அளவு பாத்துக்கிட்டு, அதுக்கு ஒரு படி கொறச்சு நம்ம சிரிக்கணும். கூடச் சிரிச்சா மாட்டிக்குவோம்."

செய்து காட்டினேன். எனக்கு இதெல்லாம் தெரியும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அவர் திருப்பிச் செய்தார். இரண்டாவது தடவை சரியாக வந்தது. மறுபடி ஷாட் எடுத்தார்கள். எதையும் தூக்க வேண்டாம், எல்லாம் படத்தில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் அனீஸ் இன்னொன்று கேட்டார். கடைசி சீனில் ஹீரோ தலையில் ஸ்பீக்கர் பெட்டி விழுந்து காது திரும்ப வருகிறதாம். "இது ஒத்துவருமாண்ணே?"

"பெட்டி விழுந்தா தலைதான் தம்பி போவும்."

"அப்ப எப்படி முடிக்கட்டும்?"

தெரியவில்லை என்றேன். வெள்ளிக்கிழமை காதைக் காட்டப் போகிறேன், அதற்கப்புறம் சொல்கிறேன் என்றேன். வாயிலிருந்து வந்தபிறகுதான், போவதாக முடிவு செய்திருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. பயமாக இருக்கிறது. ஆஸ்பத்திரி பெரம்பலூரிலேயே இருக்கட்டும். அரியலூர்க்காரர்கள் கண்ணில் பட வேண்டாம்.

அக். 1, புதன்

ஆயுத பூஜை. நான் வேதக்காரன், ஆனால் ஷெட்டில் பாதி ராஜேந்திரனுடையது. வருஷா வருஷம் அவன் பூஜை போடுவான், நான் பொரி சாப்பிடுவேன். எல்லாப் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம். மிக்ஸருக்கு, ஆம்ப்புக்கு, ஒயர்ச் சுருளுக்கு, டாடா ஏஸுக்கு. கடைசியில் கிண்ணத்தோடு என்னிடம் வந்து என் இரண்டு காது மடலிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தான்.

"என்னடா?"

"இதுவும் ஆயுதந்தானே மாப்ள."

அப்படியே தேங்காயும் உடைத்தான். துடைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஸ்டெல்லா பார்த்துவிட்டு வெகுநேரம் சிரித்தாள், ஆனால் துடைக்க விடவில்லை. "இருக்கட்டும், அவரு மனசாரத்தான் வச்சிருப்பாரு."

முன்னதாக ஷெட்டில் ஒரு ஒப்பந்தம். ட்ரெபிள் அவன் பொறுப்பு, இனிமேல் திருட்டுத்தனமாக இல்லை, முன்னாலேயே. தாளமும் கூட்டமும் என் பொறுப்பு. ஐப்பசியில் வருகிற பார்ட்டியிடம் என்ன சொல்வது என்று கேட்டேன்.

"நாலு காது, ஒரே ரேட்டுன்னு சொல்லு" என்றான்.

சொல்லலாம். சொன்னால் வருவார்களா என்பது வேறு விஷயம்.

அக். 3, வெள்ளி

மேகமூட்டம், மழை இல்லை. ஸ்டெல்லாவும் நானும் முதல் பஸ்ஸில். யாருக்கும் தெரியக் கூடாது என்று பெரம்பலூர் போனால், காது சோதிக்கிற பெண் என்னைப் பார்த்ததும், "நீங்க டி.ஜே. சேவியர்தானே? எங்க அக்கா கல்யாணத்துக்கு நீங்கதான் வந்தீங்க" என்றாள். "அன்னிக்கு எனக்கே ரெண்டு நாளு காது வலிச்சுது சார்."

ஸ்டெல்லா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு மெத்தை, நடுவே கண்ணாடி. அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் ஹெட்போனோடு நான். கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், எவ்வளவு மெலிசாக இருந்தாலும். ஆரம்பித்தது. பீப். அமுக்கினேன். பீப். அமுக்கினேன். நன்றாகப் போனது. சத்தம் மெலிந்துகொண்டே போனது, நான் விடவில்லை. கால் தானாகத் தரையில் தட்டியது. பாஸ் ஆகிவிடுவேன் போலிருக்கிறதே என்று நினைத்தபோது கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"சார், நான் கொஞ்ச நேரமா ஒன்னுமே குடுக்கல. நீங்களா அமுக்கிட்டிருக்கீங்க."

பீப் வருகிற இடைவெளியைப் பிடித்துத் தாளம் போட்டு அமுக்கியிருக்கிறேன். அந்தப் பாட்டைப் பாடியது யார் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, என் மண்டைதான். அவளுக்குச் சிரிப்பு. இந்த மாதிரி ஆளை அவள் பார்த்ததில்லையாம். மறுபடி ஆரம்பித்தாள், இந்தத் தடவை தாறுமாறான இடைவெளியில்.

நாற்காலியை ஓரச் சுவரைப் பார்க்கத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் கண்ணைக் கொஞ்சம் திருப்பினால் கண்ணாடி வழியாக அவள் விரல் தெரிகிறது. விரல் அமுங்கியது. எனக்கு ஒன்றும் வரவில்லை. மறுபடி அமுங்கியது. ஒன்றும் இல்லை. என் கட்டைவிரல் பட்டன் மேல் தயாராக இருந்தது. அவள் விரலைப் பார்த்தே அமுக்கிவிடலாம். மீட்டர் லைட்டைப் பார்த்து, தோளைப் பார்த்து, பக்கத்து ஆள் முகத்தைப் பார்த்து இத்தனை நாள் ஓட்டியதுதானே. இதையும் ஓட்டிவிடலாம், அவளுக்குத் தெரியாது.

கண்ணை மூடிக்கொண்டேன். அதற்கப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு காதிலும் சன்னமான சத்தங்கள் போய்விட்டன, இடது மோசம். போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றலாம். பெட்டிக்கு முன்னால் காதை அடைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். மெஷின் வைத்தால் பேச்சு தெளியும், அடுத்த வாரம் அளவெடுக்க வரச் சொன்னாள். "தொழில் செய்யலாமா?" என்று கேட்டேன். "தொணைக்கு ஒரு நல்ல காத வச்சுக்கங்க சார்" என்றாள். இருக்கிறது என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் ஸ்டெல்லா கொய்யாப்பழம் வாங்கினாள். நான் அனீஸுக்கு போன் போட்டேன், ஸ்பீக்கரில், காதோடு ஒட்டி.

"தம்பி, கடைசி சீன் சொல்றேன், எழுதிக்கங்க. ஒரு ரூமு. நடுவுல கண்ணாடி. அந்தப் பக்கம் ஒரு பொண்ணு. அது வெரல அமுக்குறது இவனுக்குத் தெரியுது. பாத்துக்கிட்டே பட்டன அமுக்குனா தப்பிச்சுக்கலாம். இவன் கண்ண மூடிக்கிறான். அவ்ளோதான். காது வரல, ஒன்னும் வரல. படம் முடிஞ்சுது."

அந்தப் பக்கமிருந்து ஒன்றும் கேட்கவில்லை. அனீஸ் ஏதாவது சொல்கிறாரா, நமக்குத்தான் எட்டவில்லையா? தலையாட்டி என்ன பிரயோஜனம், போனில். தோளை நீட்டியும் பார்த்தேன். கடைசியில் போனை ஸ்டெல்லாவிடம் கொடுத்து, "என்ன சொல்றாருன்னு கேளு" என்றேன்.

கொய்யாவை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, போனைக் காதில் வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஒன்னும் சொல்லலங்க" என்றாள். "சும்மாதான் இருக்காரு."

அப்படியானால் எனக்குச் சரியாகத்தான் கேட்டிருக்கிறது.